குவாதுவா: கொலம்பியாவின் வீட்டு மூங்கில்

கொலம்பியாவின் காப்பித் தோட்ட மலைகளில் குவாதுவா என்றொரு மூங்கில் வளர்கிறது. முளைவிடும்போது என்ன பருமனோ அதுதான் கடைசிவரை. உயரம் மட்டும் ஆறே மாதத்தில் 20 மீட்டரை எட்டும். ஆனாலும் வெட்ட அவசரப்படக் கூடாது. இளங்கழி பளிச்சென்று பச்சையாக, கணுவில் வெள்ளைப் பட்டையோடு இருக்கும். நான்கைந்து வருடம் போனால் பச்சை மங்கி, மேலே சாம்பல் நிறத் திட்டுகள் படரும். அதைப் பார்த்துத்தான் கத்தி வைப்பார்கள், அதுவும் அடிக்கணுவை ஒட்டி மேலே. தள்ளி வெட்டினால் மிஞ்சும் கழியின் குழியில் மழைநீர் தேங்கி, கிழங்கே அழுகிப்போகும்.

கழிக்குள் இருக்கும் மாவுச்சத்துக்காக வண்டு வரும். சும்மா விட்டால் சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிரும். அதனால் நீளக் கம்பியால் உள்தடுப்புகளை எல்லாம் குத்தித் திறந்து, வெங்காரமும் போரிக் அமிலமும் கரைத்த தொட்டியில் சில நாள் ஊறப்போடுகிறார்கள். ஏழைக்கு மூங்கில் வீடு என்று பேசுகிறவர்கள் பலர் இந்தத் தொட்டியை மறந்துவிடுகிறார்கள். பச்சைக் கழியை அப்படியே லாரியில் ஏற்றினால் ஊருக்குக் கிடைப்பது வெட்டுக்கூலி மட்டும். தரம் பிரிப்பது, ஊறவைப்பது, உலர்த்துவது, பிளப்பது எல்லாம் தோப்புக்குப் பக்கத்திலேயே நடந்தால் அத்தனை கூலியும் ஊரில் தங்கும். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம்.

சுவருக்கு, கழியைக் கோடரியால் கொத்திப் பிளந்து பாய்போல விரிக்கிறார்கள். அதைச் சட்டத்தில் அடித்து, கம்பிவலை கட்டி, சிமென்ட் பூசிவிட்டால் செங்கல் வீடா மூங்கில் வீடா என்று வெளியே தெரியாது. அடித்தளத்தை உயர்த்தி, கூரையை நன்றாக வெளியே இறக்கினால் மழையும் அண்டாது.

1999 ஜனவரி 25 அன்று கொலம்பியாவின் ஆர்மீனியா நகரை உலுக்கிய நிலநடுக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கம்பி கட்டாத செங்கல் சுவர்கள் சரிந்த இடங்களில், நன்றாகப் பராமரித்த பழைய மூங்கில் வீடுகள் பல தாக்குப்பிடித்தன. எடை குறைவு, ஆட்டத்துக்கு வளைந்து கொடுக்கும்.

மூங்கிலின் பலவீனம் மூட்டில்தான். போல்ட்டை முடுக்கினால் நார்வாட்டில் பிளந்துவிடும். கட்டடக் கலைஞர் சிமோன் வெலெஸ் போல்ட் போகும் கணுவிடையில் சிமென்ட் கலவையை நிரப்பினார். 2000ஆம் ஆண்டு ஹனோவர் கண்காட்சிக்கு அவர் வடிவமைத்த மூங்கில் மண்டபத்தை ஜெர்மன் அதிகாரிகள் எளிதில் ஏற்கவில்லை. முதலில் மனிசாலெஸ் நகரில் அதே அளவில் ஒன்று கட்டிச் சோதித்துக் காட்ட வேண்டியிருந்தது. 2010இல் கொலம்பியாவின் கட்டுமான விதிகளில் குவாதுவாவுக்கும் இடம் கிடைத்தது. இப்போது மூங்கில் வீட்டுக்கும் பொறியாளர் கணக்குப் போட்டுக் கையெழுத்திடலாம்.