எம்.ஆர்.டி. பெர்மிட்: எந்த இடத்தில் வேகம் வேண்டும்?

"வரைபடத்தைக் காட்டிவிட்டார்கள். இன்னும் ஏன் ஒரு தூண்கூட எழவில்லை?" எம்.ஆர்.டி.3 பேச்சு வந்தாலே பலரும் கேட்கும் கேள்வி இது. பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் மூன்று மாதத்தைக் குறைத்தால் என்ன என்ற யோசனையும் கூடவே வருகிறது.

குறைத்தால் கிடைப்பது கொஞ்சம், போவது அதிகம். 2010 தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி, ரயில் திட்டத்தைக் குறைந்தது மூன்று மாதம் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எம்.ஆர்.டி.3-க்கு அது 2024 செப்டம்பர் 2 முதல் டிசம்பர் 2 வரை நடந்தது. காஜாங் வழித்தடத்துக்கு 2011 பிப்ரவரி 14 முதல் மே 14 வரை. அந்த 51 கிலோமீட்டரிலும் ரயில் முழுமையாக ஓடத் தொடங்கியது 2017 ஜூலையில். ஆறு வருசத்தில் மூன்று மாதம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம்.

அந்த மூன்று மாதம்தான் "பாதையைத் தள்ளிப் போடுங்கள்" என்று சாதாரண மக்கள் சொல்லும் நேரம். நிலம் கையகப்படுத்தும் பாரம் 'டி' வந்துவிட்டால், பிறகு வாதாடுவது பெரும்பாலும் இழப்பீட்டைப் பற்றித்தான். 2011-இல் ஜாலான் சுல்தான் கடைக்காரர்கள் குரல் கொடுத்ததால்தான், உரிமையாளர்களோடு பரஸ்பர ஒப்பந்தம் என்ற வழியே திறந்தது.

சரி, நேரம் எங்கேதான் போகிறது? பெரும்பகுதி கட்டுமானத்துக்கே. அது நியாயம். ஆனால், திட்டத்துக்கு அமைச்சர் ஒப்புதல் கொடுத்ததும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. சாலையை மூட, போக்குவரத்தைத் திருப்ப, கால்வாயை மாற்ற, மரம் வெட்ட, ஸ்டேஷன் கட்ட என ஒவ்வொன்றுக்கும் ஊராட்சி மன்ற அனுமதி வேண்டும். காஜாங் வழித்தடத்தில் கோலாலம்பூருக்கு டிபிகேஎல், கோத்தா டாமான்சாராவுக்கு எம்பிபிஜே, காஜாங்குக்கு எம்பிகேஜே. ரயில் ஒன்றுதான், கவுண்டர்கள் பல.

பெரிய சிக்கல் மண்ணுக்கு அடியில். தூண் நட வேண்டிய இடத்தில் தண்ணீர்க் குழாய் இருந்தால் அதை மாற்ற வேண்டும். அதற்குச் சாலையைத் தோண்ட பெர்மிட். அந்த பெர்மிட்டுக்கு, வாகனங்களை எப்படித் திருப்புவது என்ற திட்டம். குழாய் எந்தப் பக்கம் போகும் என்று முடிவாகாமல் அந்தத் திட்டத்தை முடிக்க முடியாது. பக்கத்திலேயே டிஎன்பி கேபிள், டெலிகோம் கேபிள் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்தச் சுற்றை உடைக்கத்தான் 2007-இல் ஊராட்சி மன்றங்களில் ஓஎஸ்சி எனும் ஒருமுக மையம் வந்தது. பொம்பா, வடிகால் துறை, ஜேகேஆர் கருத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒரே நேரத்தில் கேட்பது அதன் வேலை. ஒரு நிலத்தில் ஒரு கட்டடம் என்றால் நல்ல ஏற்பாடு. ஆனால் ஓஎஸ்சி ஒவ்வொரு மன்றத்துக்கும் தனித்தனி. எல்லை தாண்டி ஓடும் ரயிலுக்கு அது அரைவழித் துணைதான்.

எனவே வேகம் வேண்டிய இடம் இதுதான்: வழித்தடம் முழுமைக்கும் ஒரே விண்ணப்பத் தொகுப்பு, எல்லா மன்றங்களுக்கும் ஒரே கெடு, டெண்டருக்கு முன்பே குழாய், கேபிள்களைத் தோண்டிப் பார்த்துக் குறித்த வரைபடம். இதில் எதற்கும் மக்கள் பார்வைக் காலத்தில் ஒரு நாளைக்கூடக் குறைக்கத் தேவையில்லை.