குதிரையைக் கேட்டு வாங்குங்கள்!
இங்கிலாந்தில் நடக்கும் பழைய சேண வியாபாரம்

பழைய சைக்கிள் வாங்குகிறவர் மிதித்துப் பார்க்கிறார். பழைய கடிகாரம் வாங்குகிறவர் காதில் வைத்துக் கேட்கிறார். மாடு வாங்குகிறவர் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார்.

பழைய குதிரைச் சேணம் வாங்குகிறவர் என்ன செய்ய வேண்டும்? குதிரையைக் கேட்க வேண்டும்!

குதிரை பேசுமா? வாயால் பேசாது. முதுகால் பேசும். அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ளாமல் சேணம் வாங்கினால், வாங்கியவருக்குப் பணம் நஷ்டம். வாயில்லா ஜீவனுக்கோ தினம் தினம் வேதனை.

ஏன் விற்கிறார்கள்?

இங்கிலாந்தில் கிராமத்துச் சிறுவர் சிறுமியர் பலர் மட்டக் குதிரையில் ஏறிச் சவாரி பழகுகிறார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே 'போனி கிளப்' என்ற சங்கம் 1929-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

பிள்ளை வளர வளரச் சட்டை சிறிதாகிவிடுகிறது அல்லவா? சேணமும் அப்படித்தான். மட்டக் குதிரையை விட்டுப் பெரிய குதிரைக்கு மாறும் காலம் வந்துவிடுகிறது. பழைய சேணம் கொட்டகையில் சும்மா கிடக்கிறது.

குதிரையும் மாறுகிறது. பசும்புல் தின்றால் பருக்கிறது. நன்றாக ஓடிப் பழகினால் முதுகுச் சதை திரண்டு வருகிறது. வயதானால் அந்தச் சதை வற்றிவிடுகிறது. சென்ற ஆண்டு பொருந்திய சேணம் இந்த ஆண்டு பொருந்தாமல் போகலாம்.

புதிய தோல் சேணம் ஆயிரம் பவுண்டுக்கு மேலும் விலை போகிறது. அதை ஒழுங்காகப் பராமரித்தால் பல ஆண்டுகள் உழைக்கும். ஆகவே பழைய சேணத்துக்கு எப்போதும் கிராக்கி உண்டு. சேணக் கடைகளே பழைய சேணங்களை வாங்கி விற்கின்றன. சொந்தக்காரருக்காக விற்றுக் கொடுத்துத் தரகு எடுத்துக்கொள்ளும் கடைகளும் இருக்கின்றன. ஏலத்திலும் போகிறது. இப்போது இணையத்திலும் விற்பனை நடக்கிறது.

சேணத்துக்கு ஓர் ஊர்

பர்மிங்காம் நகருக்குப் பக்கத்தில் வால்சால் என்று ஓர் ஊர். சேணம் செய்வதில் உலகப் புகழ் பெற்றது. அந்த ஊர்க் கால்பந்துக் குழுவின் செல்லப் பெயர் என்ன தெரியுமா? 'சேணக்காரர்கள்'!

நம் நாட்டில் கான்பூரிலும் ஆங்கிலேய முறைச் சேணங்கள் தயாராகின்றன. அவை வெளிநாடுகளுக்குக் கப்பல் ஏறுகின்றன.

உள்ளே இருக்கும் 'மரம்'

சேணம் என்றால் வெறும் தோல் மெத்தை என்று நினைத்துவிடாதீர்கள். தோலுக்குள்ளே ஒரு சட்டம் இருக்கிறது. மெல்லிய மரத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, எஃகுப் பட்டை வைத்துப் பலப்படுத்தி அதைச் செய்கிறார்கள். பிளாஸ்டிக் சட்டமும் உண்டு. எதில் செய்தாலும் ஆங்கிலேயர் அதை 'மரம்' என்றே அழைக்கிறார்கள்.

சட்டத்தின் அடியில் இரண்டு நீண்ட திண்டுகள். அவற்றுக்குள் பெரும்பாலும் ஆட்டு ரோமம் அடைத்திருக்கும். இரண்டு திண்டுகளுக்கும் நடுவே வாய்க்கால் போல ஓர் இடைவெளி. ஏன் இந்த இடைவெளி? சவாரி செய்கிறவரின் பாரம் குதிரையின் முதுகெலும்பு மேல் விழக்கூடாது. இருபுறமும் உள்ள சதையின் மேல் பரவ வேண்டும்.

வீட்டுக்கு உத்தரம் எப்படியோ, சேணத்துக்குச் சட்டம் அப்படி. உத்தரம் முறிந்தால்?

குதிரை சேணத்தோடு விழுந்து புரண்டால் சட்டம் முறியலாம். சேணம் உயரத்திலிருந்து கீழே விழுந்தாலும் முறியலாம். மேலே தோல் மினுமினுவென்று இருக்கும். உள்ளே முறிவு இருக்கும். பார்த்த கண்ணுக்குத் தெரியாது!

குதிரை படும் பாடு

முறிந்த சட்டத்தில் பாரம் பரவாது. ஓர் இடத்தில் குவிந்து அழுத்தும். அந்த இடம் கன்றிப்போகும், புண்ணாகும். சதை வற்றும். பிறகு அங்கே ரோமம் வெள்ளையாக முளைக்கும். பழுப்புக் குதிரையின் முதுகில், சேணம் உட்காரும் இடத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால், அனுபவசாலிகள் உடனே சந்தேகப்படுவார்கள். எப்போதோ ஒரு சேணம் அழுத்திய அடையாளமாக அது இருக்கலாம்.

வலி பொறுக்காத குதிரை என்ன செய்யும்? சேணத்தைக் கண்டதும் காதைப் பின்னால் மடக்கும். வயிற்று வாரை இறுக்கும்போது கடிக்க வரும். ஏறினால் துள்ளும். "முரட்டுக் குதிரை" என்று பெயர் வாங்கும். சில சமயம் அடியும் வாங்கும். குற்றம் சேணத்தின் மேல், தண்டனை குதிரைக்கு!

ஐந்து சோதனைகள்

பழைய சேணம் வாங்குகிறவர்கள் செய்யும் சோதனைகள் இவை:

1. சேணத்தின் முன்மேட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பின்மேட்டை இரு கைகளாலும் தம் பக்கம் இழுப்பார்கள். கொஞ்சம் வளைந்து கொடுப்பது இயல்பு. இருக்கையின் நடுவே தோல் ஆழமாக மடிந்தாலோ, 'கிறீச்' என்று ஓசை வந்தாலோ ஆபத்து.

2. முன்வளைவின் இரண்டு முனைகளையும் பிடித்து நெருக்குவார்கள், விலக்குவார்கள். ஆட்டம் இருந்தால் அந்தச் சேணம் வேண்டாம்.

3. கவிழ்த்துப் பின்பக்கத்திலிருந்து பார்ப்பார்கள். இரண்டு திண்டும் சமமாக இருக்க வேண்டும். தடவினால் கட்டி தட்டுப்படக்கூடாது. கட்டி இருந்தால் பழைய ரோமத்தை எடுத்துவிட்டுப் புதிதாக அடைக்கலாம். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

4. வயிற்று வாரை மாட்டும் தோல் பட்டைகளைப் பார்ப்பார்கள். துளைகள் இழுபட்டு நீண்டிருக்கின்றனவா? தையல் விட்டிருக்கிறதா? ஓடும் குதிரையில் இந்தப் பட்டை அறுந்தால் ஆள் தரையில்தான்!

5. அங்கவடி வார் தொங்கும் இரும்பை அசைத்துப் பார்ப்பார்கள். அது சட்டத்தோடு உறுதியாக இருக்க வேண்டும். ஆனால் ஆள் விழுந்தால் அதிலிருந்து வார் கழன்று வந்துவிட வேண்டும். கழலாவிட்டால், கால் மாட்டிய ஆளைக் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும்.

இரண்டு அளவுகள்

செருப்புக்கு ஒரே ஓர் அளவு. சேணத்துக்கு இரண்டு அளவுகள்! ஒன்று மனிதருக்கு. முன்மேட்டின் பக்கத்தில் உள்ள ஆணியிலிருந்து பின்மேட்டின் நடு வரை அங்குலத்தில் அளக்கிறார்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 16 முதல் 18 அங்குலம்.

மற்றொன்று குதிரைக்கு. முதுகின் அகலத்துக்கு ஏற்ப, குறுகல், நடுத்தரம், அகலம் என்று பிரித்திருக்கிறார்கள். ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும், குதிரையின் தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும்.

சந்தேகம் வந்தால் அதற்கென்று பயிற்சி பெற்ற நிபுணர்கள் இருக்கிறார்கள். சேணத் தொழிலாளர் சங்கம் ஒன்று 1966-ல் அங்கே ஏற்பட்டது. அது இத்தகைய நிபுணர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்று கொடுக்கிறது. அவர்கள் குதிரை நிற்கும் இடத்துக்கே வந்து, அதை நடக்கவிட்டும் ஓடவிட்டும் பார்த்துச் சொல்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

கடைக்காரர் விற்றால், வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு அதிகம். பிரிட்டனின் 2015-ம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும். பழைய பொருளானால் அதன் வயதையும் விலையையும் பார்த்துத் தரத்தை முடிவு செய்வார்கள். குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம்.

தனி ஆள் விற்றால் இந்தச் சட்டம் துணைக்கு வராது. விற்பவர் பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். கேளாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை.

ஆகவே கேட்க வேண்டும்! "சட்டம் முறிந்ததுண்டா? எங்கே பழுது பார்த்தீர்கள்? ஏன் விற்கிறீர்கள்?" இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

விற்பவரின் கடமை

நாணயமான விற்பனையாளர் சேணத்தைச் சோப்புப் போட்டுத் துடைக்கிறார். நெருப்பருகே வைக்காமல் நிழலில் உலர்த்துகிறார். நெருப்புச் சூட்டில் தோல் வெடித்துவிடும். கீறலைச் சாயம் பூசி மறைப்பதில்லை. அதையும் படம் எடுத்துக் காட்டுகிறார். இரண்டு அளவுகளையும் சொல்கிறார். முன்பணம் பெற்றுக்கொண்டு, சில நாள் போட்டுப் பார்க்கவும் கொடுக்கிறார்.

சட்டம் முறிந்திருந்தால்? சவாரிக்கு விற்பதில்லை. வீட்டுக் கூடத்தில் அழகுக்கு வைப்பவர்களுக்கு, உண்மையைச் சொல்லியே கொடுக்கிறார்.

விலை குறைவாகக் கிடைக்கலாம். கிடைக்கட்டுமே! பேரம் பேசுகிறவர்கள் இரண்டு பேர். அந்தப் பேரத்தை முதுகில் சுமக்கப் போவது பேரத்தில் கலந்துகொள்ளாத மூன்றாவது ஜீவன். அதற்குத் துரோகம் செய்து வரும் பத்துப் பவுண்டு லாபம் ஒரு லாபமா?