டிரங்குப் பெட்டியின் பூர்வோத்தரம்

குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி மாதம். வீரகேரளம்புதூரில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியை இறக்கி, பழைய இரும்பு வாங்குகிறவனுக்காகத் திண்ணையில் வைத்திருந்தார்கள்.

"இதையா போடப் போகிறீர்கள்?" என்றேன்.

"துருப்பிடிச்ச பெட்டிக்கு என்ன பவிசு, மருமகனே?" என்றாள் அத்தை.

அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டு ஒரு கதை சொன்னேன். வாசகர்களும் கேட்கலாம்.

பிரான்சு தேசத்தில் ஜூரா மலைப் பக்கத்தில் 1821-ல் பிறந்தவன் லூயி வுய்ட்டோன். 13 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பினான். கிடைத்த வேலையைச் செய்து வயிற்றைக் கழுவிக்கொண்டு, 400 கிலோமீட்டருக்கு மேல் நடந்து 1837-ல் பாரிஸ் போய்ச் சேர்ந்தான்.

அங்கே மாரெஷால் என்பவரிடம் வேலைக்கு அமர்ந்தான். என்ன வேலை தெரியுமா? பெரிய மனிதர்கள் பிரயாணம் புறப்பட்டால், சாமான்களுக்குத் தக்கபடி பெட்டி செய்து, உடுப்பு கசங்காமல் அடுக்கிக் கொடுக்கும் வேலை. அந்தக் காலத்துச் சீமாட்டிகளின் பாவாடை ஒவ்வொன்றும் ஒரு கூடாரம்! அதை மடிப்பது லேசான காரியமா? பையனின் கைத்திறன் சக்கரவர்த்தினி யூஜினியின் அரண்மனை வரை எட்டியது. 1854-ல் சொந்தக் கடை வைத்துவிட்டார்.

அந்நாளில் பெட்டி மூடிகள் முதுகு வளைந்திருக்கும். குதிரை வண்டியின் மேல் கட்டிப் போகையில் மழைநீர் வழிந்தோட அது சௌகரியம். ரயிலும் நீராவிக் கப்பலும் வந்தபின் அதுவே தொந்தரவாயிற்று. ஒன்றன்மேல் ஒன்று அடுக்க முடியவில்லை. 1858-ல் வுய்ட்டோன் தட்டை மூடிப் பெட்டி செய்தார். மரச்சட்டத்தின் மேல் தண்ணீர் புகாத சாம்பல்நிறக் கித்தான். கனமும் குறைவு.

மொய்னா, கோயார் என்ற வீட்டாரும் பாரிஸில் இதே தொழிலில் பேர்போனவர்கள். ஆனாலும் வுய்ட்டோன் பெட்டியைப் பார்த்துப் போலி செய்தவர்கள் அநேகம். அவர் 1892-ல் காலமானார். போலிகளைத் தடுக்க, மகன் ஜார்ஜ் 1896-ல் தகப்பனார் பெயரின் முதலெழுத்துக்களைப் பூவேலையோடு கித்தானில் பொறித்தார். நம் பரோடா மகாராஜாவுக்கு 1926-ல் தேநீர்ச் சாமான்கள் வைப்பதற்கென்றே ஒரு பெட்டி செய்து கொடுத்தார்கள். இன்று அந்தப் பழம் பெட்டிகள் ஏலத்தில் லட்சக்கணக்கில் போகின்றன.

"இதுக்கும் லட்சம் கிடைக்குமா?" என்றாள் அத்தை.

"கிடைக்காது. இது நம்மூர்த் தகரம். ஆனால், நீங்கள் கல்யாணமாகி வந்தபோது பட்டுச்சேலை இதில்தானே வந்தது?"

அத்தை பதில் சொல்லவில்லை. "எந்திரி" என்று என்னை எழுப்பிவிட்டு, முந்தானையால் மூடியைத் துடைத்தாள்.

இரும்புக்காரன் வந்தான். "ஒண்ணும் இல்லை, போயிட்டு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.