ஸ்டார் கட்டாத வீடு

டிசம்பர் பிறந்ததும் போடி சுற்றுவட்டாரக் கிறிஸ்தவ வீடுகளில் ஸ்டார் ஏறிவிடும். ராத்திரியானால் வாலிபர்கள் டிரம்மும் கிதாருமாகக் கேரல் ரவுண்ட்ஸ் கிளம்புவார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா மிட்டாய் வாரி இறைத்துக்கொண்டு முன்னால் ஆடி வருவார். பொட்டிபுரம் போன்ற ஊரில் எந்த மதத்துப் பிள்ளைகளானாலும் அவர் பின்னால்தான் ஓடும். அந்தக் கூட்டம் ஏதோ ஒரு வாசலில் மட்டும் டிரம்மை நிறுத்திவிட்டுப் பூனைபோல் நடக்கும். "உள்ளே ஆள் முடியாம கிடக்கு, சத்தம் வேண்டாம்ப்பா" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நல்ல மனசில் சொன்னதுதான். ஆனால் உள்ளே வலியில் தூக்கமில்லாமல் படுத்திருப்பவருக்கு, பாட்டு தன் வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவது தெளிவாகக் கேட்கும்.

கைவிரித்த பிறகு

"இனி செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுல வச்சுப் பாத்துக்கங்க." புற்றுநோய் முற்றியவரின் குடும்பம் ஆஸ்பத்திரியில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. இதில் பாதிதான் உண்மை. நோயைக் குணப்படுத்த வழியில்லாமல் இருக்கலாம். வலி, மூச்சுத்திணறல், குமட்டல், புண்ணின் நாற்றம், தூக்கமின்மை, பயம் இவற்றையெல்லாம் குறைக்கக் கடைசி நாள்வரை வழி உண்டு. அதற்குப் பெயர்தான் நோய் ஆதரவு சிகிச்சை. அதற்காகவே தங்கவைத்துப் பார்க்கும் இல்லத்தை ஹாஸ்பிஸ் என்கிறார்கள்.

இதற்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாக இருந்து பிறகு டாக்டருக்குப் படித்தவர். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். வலி என்பது உடம்பில் மட்டும் இல்லை. கடன் கவலையும், பிள்ளைகளைப் பற்றிய ஏக்கமும், சாமி ஏன் இப்படிச் செய்தது என்ற கேள்வியும் அதே வலியின் பகுதிகள்தான் என்றார். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வந்து நாள்கூலியில் குடும்பம் நடத்திய ஒரு பெண் படுத்துவிட்டால், அவரை முதலில் அரிப்பது எது என்று நமக்குத் தெரியாதா என்ன?

புற்றுநோய்க்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பக்கவாதம், கிட்னி செயலிழப்பு, இதய பலவீனம், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள எல்லாருக்கும் இது உண்டு. கீமோ நடக்கும்போதே சேர்த்துத் தொடங்கலாம். உலகில் ஆண்டுக்கு 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்தக் கவனிப்பு தேவை. கிடைப்பதோ 14 சதவீதம் பேருக்குத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மார்ஃபின் என்றதும்

கடும் புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் மாத்திரை நல்ல மருந்து, விலையும் குறைவு. பெயரைக் கேட்டதும் "அது போதை மருந்தாச்சே" என்று வீட்டார் பதறுவார்கள். டாக்டர் சொன்ன அளவில், வலிக்காகச் சாப்பிடும்போது அடிமையாவது அரிது. "கடைசி நேரத்துல குடுக்கறது" என்பதும் தவறான எண்ணம். வலி எப்போது கடுமையாகிறதோ அப்போது கொடுப்பது அது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நீண்டகாலம் மார்ஃபின் வைத்திருக்கவே மருத்துவமனைகள் தயங்கின. 2014 திருத்தம் அந்தத் தடையைத் தளர்த்தியது. பயம் மட்டும் இன்னும் தளரவில்லை.

வலி வந்தபின் கொடுப்பதல்ல, மணி பார்த்துக் கொடுப்பதே முறை. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் கூடவே எழுதச் சொல்லிக் கேளுங்கள். நீங்களாகத் திடீரென நிறுத்தக் கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

மலைக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம்

போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். அங்கே 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய சிறு நோய் ஆதரவு சிகிச்சை அமைப்பு ஊர் ஊராகப் பரவியது. 2008இல் மாநில அரசு இதற்கென்றே கொள்கை வகுத்தது. இன்று பஞ்சாயத்து ஏற்பாட்டில் நர்ஸ் வீடு தேடி வருகிறார். அந்தப் பக்கம் பூப்பாறையில் உறவுக்காரர் இருக்கிறவர்கள் விசாரித்துப் பாருங்கள்.

இந்தப் பக்கமும் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பலரும் சுகர், பிரஷர் மாத்திரை கொடுக்கும் திட்டமாக மட்டுமே அறிவார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரின் வீட்டுக்கு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வருவது அதே திட்டத்தின் பகுதிதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிய வேண்டும். கேட்காத வீட்டுக்கு அது வந்து சேராமல் போகலாம்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

நம் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போனால் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போவது வழக்கம். டயாலிசிஸ் செய்பவருக்கு ஆரஞ்சில் உள்ள பொட்டாசியம் ஆபத்து. ஆகவே கேட்டுவிட்டு வாங்குங்கள். விழுங்கச் சிரமப்படுபவருக்குக் கேக்கை அப்படியே ஊட்ட வேண்டாம். வீட்டார் சரி என்றால் நிமிர்த்தி உட்கார வைத்து, பாலில் ஊறவைத்த சிறு துண்டு போதும். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால் விட்டுவிடுங்கள். கடைசி வாரங்களில் உடம்பு சோறு கேட்பதில்லை, திணித்தால் புரையேறும். ஈரத்துணியால் உதட்டையும் வாயையும் நனைத்துவிடுவது அதைவிடப் பெரிய உபசாரம்.

இருமல், சளி இருப்பவர்கள் அன்றைக்குப் போகாதீர்கள். பட்டாசை அந்தத் தெருவுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மலைச்சரிவில் இறங்கும் டிசம்பர் குளிரில் அந்தப் புகை மூச்சுத்திணறல்காரரைப் பாடாய்ப் படுத்தும்.

"சீக்கிரம் நல்லாயிடும்" என்று சொல்லாதீர்கள். ஆகாது என்பது அவருக்குத் தெரியும். தோட்டத்துக் கதை, பழைய கிறிஸ்துமஸ் கதை பேசலாம். பேச்சு வராவிட்டால் சும்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம்.

என்னைக் கேட்டால் நோயாளியைவிட அவரைப் பார்த்துக்கொள்பவருக்குத்தான் விருந்தாளி அதிகம் தேவை. பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். ராத்திரி இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடும். தோல் சிவந்த இடத்தைத் தேய்க்கவும் கூடாது. "இன்னைக்கு ராத்திரி நான் பாத்துக்கறேன், நீ தூங்கு, பொழுது விடிஞ்சா கோயிலுக்குப் போயிட்டு வா" என்று ஒரு சொந்தக்காரி வந்து சொன்னால் அந்த வீட்டுக்கு அதுதான் கிறிஸ்துமஸ்.

காணிக்கைப் பணம்

இங்கிலாந்தில் ஹாஸ்பிஸ்கள் டிசம்பரில் கிறிஸ்துமஸ் மரம் வைத்து விளக்கேற்றும். இறந்தவர் பெயரில் ஒரு விளக்குக்கு நன்கொடை கொடுக்கலாம். அங்கும் பல ஹாஸ்பிஸ்களுக்குச் செலவின் பெரும்பங்கு நன்கொடை போன்ற வழிகளில்தான் சேர்கிறது. மும்பையில் 1986இல் தொடங்கிய சாந்தி அவேத்னா சதன் இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ். சென்னையில் ஜீவோதயா, மதுரையில் நேத்ராவதி போன்ற இல்லங்களும் கொடுப்பவர்களை நம்பித்தான் நடக்கின்றன.

கேரல் ரவுண்ட்ஸில் வீடு வீடாகச் சேரும் காணிக்கையில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாமே. தூரத்து இல்லத்துக்கு அனுப்பினாலும் சரி, உள்ளூரில் ஒரு காற்றுமெத்தை, ஒரு சக்கர நாற்காலி வாங்கி, தேவைப்படும் வீடுகளுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தாலும் சரி. க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஒருவரைக் கூட்டிப்போய் வர வண்டி வாடகையாகக்கூட இருக்கலாம்.

வாலிபர் சங்கத்துத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: இந்த வருஷம் ரவுண்ட்ஸுக்கு வீட்டுப் பட்டியல் எழுதும்போது, முடியாமல் கிடப்பவர் வீட்டை நீக்கிவிடாதீர்கள். பகலில் ஒருவர் மட்டும் போய் "ஒரு பாட்டு மெதுவாப் பாடலாமா, எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். நர்ஸ் அந்த வீட்டுக்கு வருகிறாரா என்றும் விசாரியுங்கள். வரவில்லையென்றால் மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள், அல்லது 104க்குப் போன் போட்டு வழி கேளுங்கள்.