வேகமும் நிற்கும் தூரமும்

1990 இல் தீவுப்பகுதியை விட்டு இடம்பெயர்ந்தவர்கள் பலர், காணி பார்க்கப் பண்ணைத் தாம்போதியால் வேலணைக்கு மோட்டார் சைக்கிளில் போய்வந்திருக்கிறார்கள். வழியில் மாடு குறுக்கே வந்தால் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மணிக்கு 36 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 10 மீற்றர். (36 ஐ 1000 ஆல் பெருக்கி, 3600 ஆல் பிரிக்க வேண்டும்.)

முதற்கட்டம்: மாட்டைக் கண்டு பிறேக்கை அழுத்த ஏறக்குறைய 1 செக்கன் செல்லும். அதுவரை வேகம் மாறாது. தூரம் = வேகம் × நேரம் = 10 மீற்றர்.

இரண்டாம் கட்டம்: பிறேக் பிடித்ததும் வேகம் சீராகக் குறைகிறது. இதுவே அமர்முடுகல். செக்கனுக்கு 5 மீற்றர் வீதம் குறைந்தால் 2 செக்கனில் வண்டி நிற்கும். தொடக்கத்தில் 10, முடிவில் 0. சராசரி வேகம் 5. தூரம் 5 × 2 = 10 மீற்றர். மொத்தம் 20 மீற்றர்.

இனி வேகத்தை இரட்டித்து, 72 கிலோமீற்றர் என்று வைப்போம். முதற்கட்டத்தில் 20 மீற்றர். நிற்க 4 செக்கன். சராசரி வேகம் 10. தூரம் 40 மீற்றர். மொத்தம் 60 மீற்றர்!

வேகம் இரண்டு மடங்கானால் பிறேக் தூரம் நான்கு மடங்காகிறது. ஈரத் தெருவிலும், தேய்ந்த பிறேக்கிலும், பாரமேற்றிய உழவு இயந்திரப் பெட்டியிலும் அமர்முடுகல் இன்னும் குறையும்; தூரம் கூடும். பிள்ளைகளிடமும் இக்கணக்கைச் செய்விக்கலாம். ஓடுகிறவர்கள் வேகத்தைக் குறைப்பதே பாதுகாப்பு.