கசப்பைத் துப்பும் நாக்கு

2010-ஆம் ஆண்டு தில்லியில் அறிவியலாளர் ஒருவர் சுரைக்காய்ச் சாறு குடித்து உயிரிழந்தார். உடம்புக்கு நல்லது என்று ஊரே குடித்துக்கொண்டிருந்த சாறுதான். அன்றைய சாறு கசந்தது. கசந்தால் மருந்துதானே என்று நம்மில் பலரும் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிடுவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நிபுணர் குழுவை அமைத்து, இதுபோன்ற நிகழ்வுகளை ஆராய்ந்தது. அதன் அறிக்கை 2012-இல் வெளிவந்தது. சாறு எடுக்கும் முன் காயில் ஒரு துண்டை நறுக்கி நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் தூக்கி எறியுங்கள் என்பது அதிலிருந்த முக்கியமான அறிவுரை.

குற்றவாளியின் பெயர் குக்கர்பிட்டாசின். சுரை, பீர்க்கு, வெள்ளரிக் குடும்பத்துச் செடிகள் தம்மைத் தின்ன வரும் உயிர்களை விரட்டுவதற்காகத் தயாரிக்கும் நஞ்சு. பல தலைமுறைகளாகக் கசக்காத காய்களிலிருந்தே விதை எடுத்து எடுத்து, உழவர்கள் அதைப் பெருமளவு ஒழித்துவிட்டார்கள். ஆனாலும் எப்போதாவது ஒரு காயில் அது திரும்பி வருகிறது.

இந்தச் செய்தியை ஒரு மூன்று வயதுக் குழந்தைக்குச் சொல்லத் தேவையில்லை. கசப்பாக எதை வாயில் வைத்தாலும் அது துப்பிவிடும். நாம் அதைப் பிடிவாதம் என்கிறோம்.

மனித நாக்கில் இனிப்பை அறிய ஒரே ஒரு முதன்மை ஏற்பிதான் இருக்கிறது. கசப்புக்கோ ஏறத்தாழ 25 வகை. காட்டில் கிழங்கும் இலையும் தேடித் தின்ற நம் முன்னோருக்குத் தித்திப்பைத் தவறவிடுவது சிறு நட்டம், நஞ்சைத் தவறவிட்டால் உயிரே போய்விடும். எல்லார் நாக்கும் ஒன்றல்ல என்பதும் வெகுகாலமாகத் தெரிந்ததே. 1931-இல் டூபான்ட் நிறுவனத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் கையாண்ட ஒரு பொடி காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் கடுங்கசப்பு என்றார், ஃபாக்ஸின் வாயிலோ ஒரு சுவையும் இல்லை. பின்னாளில் இந்த வேறுபாட்டுக்குக் காரணமான மரபணுவையும் கண்டுபிடித்தார்கள். முட்டைக்கோசு, முள்ளங்கி, கடுகுக்கீரை ஆகியவற்றில் உள்ள சில பொருள்களும் அதே ஏற்பியைத்தான் தட்டி எழுப்புகின்றன. ஆகவே, ஒரே கோசுப் பொரியலைத் தின்னும் தாயும் மகளும் ஒரே சுவையை உணர்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

வாயில் வாழும் பாக்டீரியாவுக்கும் இதில் பங்குண்டு. 2021-இல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்கள் 98 குழந்தைகளின் எச்சிலையும் அவர்களுடைய பெற்றோரின் எச்சிலையும் காலிஃபிளவரோடு கலந்து பார்த்தார்கள். சிலருடைய எச்சிலில் அழுகல் வாடை வீசும் கந்தக வாயுக்கள் மிகுதியாகக் கிளம்பின. அப்படிப்பட்ட எச்சில் உள்ள குழந்தைகள் காலிஃபிளவரை வெறுத்தார்கள். பெற்றோருக்கும் அதே அளவு வாயு கிளம்பியும் அவர்களிடம் அந்த வெறுப்பு இல்லை. பழகிவிட்டிருக்கலாம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை, புதிய உணவு எதைக் கண்டாலும் மிரளும் குணம் குழந்தைகளிடம் உச்சத்தில் இருக்கும். தவழும் பிள்ளை நடக்கத் தொடங்கி, தாயின் கண்ணுக்கு மறைவாகக் கண்டதை எடுத்து வாயில் போடக்கூடிய வயது அது. அந்த வயதில் மிரட்சி வருவது இயற்கை செய்த நல்ல ஏற்பாடு. 2007-இல் பிரிட்டனில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வு, இந்த மிரட்சி பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடுவதில் 78 சதவீதம் மரபணுவால் வருகிறது என்று கணக்கிட்டது. 'நீ ஊட்டுகிற விதம் சரியில்லை' என்று மருமகளைக் கடிந்துகொள்ளும் மாமியார்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்கலாம்.

மரபணு தொடங்கி வைப்பதை அனுபவம் மாற்றி எழுதுகிறது. பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் ஜூலி மெனெல்லா குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், சில தாய்மார்கள் கருவுற்ற கடைசி மாதங்களிலோ பாலூட்டிய நாள்களிலோ கேரட் சாறு குடித்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு முதன்முதலாகக் கேரட் சேர்த்த கூழ் ஊட்டியபோது, மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே முகம் சுளித்தன. பனிக்குட நீரிலும் தாய்ப்பாலிலும் அந்த மணம் ஏற்கெனவே அறிமுகம்.

பாலூட்டும் வயது கடந்துவிட்டதா? லீன் பிர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1982-இல் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய உணவுகளைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார். அதிக முறை வாய்க்குப் போன உணவே அதிகம் பிடித்த உணவானது. பத்துப் பதினைந்து முறை தேவைப்படலாம் என்று பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் வீடுகளில் மூன்று முதல் ஐந்து முறை கொடுத்துப் பார்த்துவிட்டு, 'இவனுக்குப் பீன்ஸ் பிடிக்காது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். தீர்ப்பு எழுதியதும் அந்தக் காய் தட்டுக்கு வருவது நின்றுவிடும். பழகும் வாய்ப்பும் அதோடு போயிற்று.

பத்து முறை என்றால் பத்துக் கிண்ணம் பொரியல் அல்ல. பட்டாணி அளவு ஒரு துண்டு, நாக்கில் பட்டால் போதும், விழுங்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. லண்டனில் 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், குழந்தைக்குப் பிடிக்காத ஒரு காயைப் பெற்றோரே பதினான்கு நாள்கள் தினமும் ஒரு வாய் சுவைக்கக் கொடுத்தார்கள். விருப்பமும் கூடியது, தின்ற அளவும் கூடியது. மாறாக 2006-இல் பென்சில்வேனியாவில், 'சூப்பைக் குடித்து முடி' என்று வற்புறுத்தப்பட்ட குழந்தைகள் வற்புறுத்தப்படாதவர்களைவிடக் குறைவாகவே குடித்தார்கள்.

லஞ்சத்துக்கும் இதே கதிதான். 'கத்தரிக்காயைச் சாப்பிட்டால் ஐஸ்கிரீம்' என்று சொல்லும்போது குழந்தைக்குப் புரிவது, கத்தரிக்காய் ஒரு தண்டனை என்பதும் ஐஸ்கிரீம் உயர்ந்த பொருள் என்பதும்தான். ஒரு பாராட்டோ, நோட்டில் ஒட்ட ஒரு ஸ்டிக்கரோ அந்தத் தீங்கைச் செய்வதில்லை.

இனி தில்லிக்கு வருவோம். தமிழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வரும் குடும்பங்களுக்கு இங்கே முதல் திகைப்பு காய்கறியில்தான். அவரையும் முருங்கையும் வாழைப்பூவும் வேண்டுமென்றால் ஐஎன்ஏ மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். கோடையில் தெருவண்டிக்காரர் கொண்டுவருவது கியா, தோரி, டிண்டா: சுரையும் பீர்க்கும் அவற்றின் உருண்டைத் தம்பியும். நீர்த்த சுவை, வழவழப்பு, பச்சையும் வெள்ளையுமாக ஒரு சோகை நிறம். வடநாட்டுப் பிள்ளைகளே முகம் திருப்பும் காய்கள் இவை. காய்க்கு மிரளும் குழந்தையை மே மாதத்தில் இவற்றோடு மோதவிடுவது யாருக்கும் நல்லதல்ல என்பது என் கருத்து.

குளிர்காலம் வரட்டும். ஆசாத்பூர் மண்டியிலிருந்து வரும் சரக்கு நவம்பருக்குப் பிறகு அடியோடு மாறுகிறது. சிவப்புக் கேரட், பச்சைப் பட்டாணி, காலிஃபிளவர், வெந்தயக்கீரை, கடுகுக்கீரை, பத்துவா எல்லாம் ஒரே சமயத்தில் வந்து குவியும். பத்துவா வேறொன்றுமில்லை, நம் சக்கரவர்த்திக் கீரைதான். தெருமுனை சஃபல் காய்கறிக் கடையிலும் கிடைக்கும். சிவப்புக் கேரட்டின் நிறம் தக்காளியில் உள்ள அதே லைக்கோபீனால் வருவது. ஆரஞ்சுக் கேரட்டைவிடச் சாறும் தித்திப்பும் அதிகம். தில்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 'பூசா ருதிரா' என்ற சிவப்பு ரகத்தை உருவாக்கியிருக்கிறது. ஆரஞ்சு நிறத்தில், பீட்டா கரோட்டின் உள்ள 'பூசா பீட்டாகேசரி' காலிஃபிளவரும் அங்கே பிறந்ததுதான். கசப்புக் குறைந்து, இனிப்பு மிகுந்து, நிறமும் கண்ணைப் பறிக்கும் காய்கள் வரும் இந்த நாலு மாதம் பழக்குவதற்கு ஏற்ற காலம்.

கேரட்டை எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். பென்சில்வேனியாவில் பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் 2010-இல் செய்த சோதனையில், மதியச் சாப்பாட்டுக்கு முன் கேரட்டை மட்டும் தனியாக வைத்தார்கள். அளவை 30 கிராமிலிருந்து 60 கிராமாக்கியதும் குழந்தைகள் தின்றது 47 சதவீதம் கூடிற்று. பசி இருக்கிறது, போட்டிக்கு வேறு தின்பண்டம் இல்லை, காரணம் அவ்வளவுதான். பள்ளிவிட்டு வரும் பிள்ளை ஷூவைக் கழற்றும் நேரத்தில், எலுமிச்சையும் சாட் மசாலாவும் தூவிய கேரட் தட்டு மேஜைமேல் இருக்கட்டும். பிஸ்கட் டப்பா அலமாரிக்குள் இருக்கட்டும். பட்டாணி உரிக்கும் வேலையையும் பிள்ளைகளிடமே விடலாம். பாதி வாய்க்குள் போய்விடும் என்று கோபப்படாதீர்கள். போக வேண்டிய இடம் அதுதான்.

சமையலறை வேதியியலுக்கும் இங்கே வேலை உண்டு. உப்பு கசப்பை அமுக்குகிறது என்பதை 1997-இல் நேச்சர் இதழில் பிரெஸ்லினும் போஷாம்பும் விளக்கினார்கள். பாகற்காயை உப்பில் பிசிறிப் பிழியும் பாட்டிகள் அதற்கும் முன்பே பாதி வேலையை முடித்துவிட்டார்கள். பிழியும் நீரோடு கசப்பில் ஒரு பகுதி போகிறது, தங்கும் உப்பு மீதியை அடக்குகிறது. பஞ்சாபிகள் கடுகுக்கீரையைத் தனியே சமைப்பதில்லை. அதன் காரத்தைப் பத்துவாவும் பாலக்கும் கலந்து தணித்து, வெகுநேரம் வேகவைத்து, நெய்யோ வெண்ணெயோ இட்டு இறக்குகிறார்கள். அந்தக் கொழுப்பு கீரையில் உள்ள கரோட்டினை உடம்பு ஏற்கவும் உதவுகிறது. கோசும் காலிஃபிளவரும் இதற்கு நேர்மாறு: குக்கரில் குழைய விட்டால் கந்தக வாடைதான் மிஞ்சும். அகன்ற வாணலியில், பெரிய தீயில், விளிம்பு சிவக்கும்வரை வதக்கினால் வாடை குறைந்து தித்திப்பு மேலெழும். வெண்டைக்காயைக் கழுவி ஈரம் போகத் துடைத்த பிறகே நறுக்க வேண்டும், இல்லாவிட்டால் வழவழப்பு கூடிவிடும்.

சாம்பாரில் போட்டால் குழந்தை காய் தின்றுவிடும் என்பது நம்மவர்களின் பெரிய நம்பிக்கை. குழம்பு சோற்றில் கலக்கும், பூசணித் துண்டு தட்டின் ஓரத்தில் ஒதுங்கும். சுவையைவிட அந்தக் கொழகொழப்புதான் பல பிள்ளைகளுக்கு ஆகாது. அதற்கு நம்மிடமே நல்ல மாற்று இருக்கிறது. பருப்பு உசிலியில் பீன்ஸ் பொறுக்கி எடுக்க முடியாதபடி கலந்துவிடும், உதிரியாகவும் இருக்கும். பீர்க்கங்காய்த் தோல் துவையலும் முருங்கைக்கீரை அடையும் அப்படியே. தில்லியின் பங்குக்கு வெந்தயக்கீரை போட்ட மேத்தி பராத்தாவும் முள்ளங்கி பராத்தாவும் உண்டு.

அரைத்து மறைத்துக் கொடுக்கலாமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. கொடுக்கலாம். பார்பரா ரோல்ஸ் குழுவினரின் 2011 ஆய்வில், உணவில் காய்க் கூழ் கலந்தபோது குழந்தைகள் ஒரு நாளில் உண்ட காய்கறி ஏறத்தாழ இரு மடங்கானது. ஆனால் கண்ணில் படாத காயோடு பழக்கம் ஏற்படாது. கூழாய்க் கரைந்த பீட்ரூட் வயிற்றுக்குப் போகட்டும், பக்கத்திலேயே ஒரு துண்டு பீட்ரூட் பீட்ரூட்டாகவும் இருக்கட்டும்.

பெற்றோரால் செய்ய முடியாத ஒன்றைச் சக பிள்ளைகள் செய்துவிடுகிறார்கள். 1980-இல் பிர்ச் செய்த மற்றொரு சோதனையில், ஒரு காயை விரும்பாத குழந்தையை அதை விரும்பும் மூன்று நான்கு குழந்தைகளோடு மதிய உணவுக்கு உட்கார வைத்தார். நான்கு நாள்களில் அதன் தேர்வு மாறத் தொடங்கிவிட்டது. அரசுப் பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 50 கிராம் காய்கறியும் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு 75 கிராமும் விதிக்கப்பட்டிருக்கின்றன. அளவு சிறிதுதான், ஆனால் கூட்டமாக உட்கார்ந்து உண்பது பெரிய லாபம். தனியார் பள்ளிகளில் டிபன் டப்பாக்கள் கைமாறுவதைத் தடுக்கும் ஆசிரியர்கள் இதையும் யோசிக்கலாம். வீட்டில் காலிஃபிளவரைத் தொடாத நம் பிள்ளை, பக்கத்து இருக்கை பஞ்சாபிப் பையனின் கோபி பராத்தாவைத் தின்றுவிட்டு வரும்.

பெரியவர்களின் தட்டைப் பற்றியும் ஒரு சொல். ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, 2000 கலோரி உண்பவருக்குக் கீரையும் காயுமாக நாளொன்றுக்கு 400 கிராம் வேண்டும் என்கிறது. எந்தக் காயோடும் ஆலு சேர்க்கும் தில்லியில் கணக்குத் தப்ப வழியுண்டு: உலக சுகாதார நிறுவனம் உருளைக்கிழங்கைக் காய்கறிக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அப்பா தட்டில் பனீரும் ஆலுவும் மட்டும் இருக்க, மகனுக்கு மட்டும் கியா என்றால் மகன் கேட்கும் கேள்வி நியாயமானதுதான்.

விரல்விட்டு எண்ணக்கூடிய சில உணவுகளைத் தவிர எதையும் தொடாமல், எடையும் குறைந்துகொண்டே போகும் பிள்ளையின் நிலை வேறு. அதைச் சாதாரண அடமாக நினைக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: ஒரு காயைத் தேர்ந்தெடுங்கள், தினமும் ஒரு துண்டு, வற்புறுத்தல் இல்லாமல். மார்ச் பிறந்தால் சிவப்புக் கேரட் வரத்து குறைந்து கியா திரும்பிவிடும், அதற்குள் தொடங்கிவிடுங்கள்.