பெயர் ஒருவரிடம், சாவி மற்றொருவரிடம்

மட்டாஞ்சேரியில் வாழும் நம்மவர்க்குப் பண்டகசாலை புதிதன்று. பஜார் சாலையில் மிளகும் சுக்கும் ஏலமும் அடுக்கிய அக்கட்டடங்களில் புதிய கணக்கர் வந்தால், பேரேட்டில் அவர் பெயரை எழுதினால் மட்டும் போதாது. சாவியும் கைமாற வேண்டும். சென்ற மழைக்காலத்தில் இந்த எளிய உண்மையை நாம் மறந்தோம். அதன் பயனையும் அனுபவித்தோம்.

நம் சங்கத்தின் அறிவிப்புகள், ஒரே மின்னஞ்சல் முகவரிக்கு எழுதினால் எல்லாக் குடும்பங்களுக்கும் சேரும்படி அமைந்துள்ளதை அன்பர்கள் அறிவார்கள். முந்தைய செயலாளர் கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்தபோது, அப்பொறுப்பை மகளிர் பிரிவுச் சகோதரி ஒருவரிடம் ஒப்படைத்தோம். தீர்மானம் நிறைவேறிற்று, கைதட்டலும் எழுந்தது. ஆனால் புதிய குடும்பங்களைப் பட்டியலில் சேர்க்க அவர் முயன்றபோதெல்லாம் அனுமதி இல்லை என்ற மறுமொழியே வந்தது. தமக்குக் கணினிப் பழக்கம் போதவில்லை என்று எண்ணி அவரும் சில வாரம் வாளாவிருந்தார். அதற்குள் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் காலமானார். அவர் உதவியால் வேலை பெற்று இவ்வூருக்கு வந்து, அடுத்த தெருவிலேயே குடியிருந்த குடும்பத்தார் மறுநாள் மாலைதான் செய்தி அறிந்தனர். “முகத்தைக்கூடப் பார்க்கவில்லையே!” என்று அவர்கள் கலங்கியபோது நம்மிடம் விடை இல்லை.

பிழை அச்சகோதரியுடையதன்று, நம்முடையதே. கூகுள் குழுக்களில் உரிமையாளர், மேலாளர், உறுப்பினர் என மூவகை நிலைகள் உண்டு. மேலாளர் என்ற பெயர் இருப்பதாலேயே எல்லா அதிகாரமும் வந்துவிடாது. உறுப்பினரைச் சேர்ப்பவர் யார், கடிதம் அனுப்பத் தக்கவர் யார் என்று ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனியே அனுமதி குறிக்கப்பட்டிருக்கும். நம் குழுவில் உறுப்பினரைச் சேர்க்கும் உரிமை உரிமையாளருக்கு மட்டுமே இருந்தது. சகோதரியோ மேலாளர். கோவையிலிருந்து பழைய செயலாளர் அவரை உரிமையாளராக்கியதும், நெடுநாள் தொல்லை சில நிமிடங்களில் தீர்ந்தது.

அலுவலகங்களில் பணிபுரியும் அன்பர்களுக்கும் இது நேரக்கூடும். மைக்ரோசாப்டின் எக்ஸ்சேஞ்சு 2010 வந்தபோது பல நிறுவனங்களில் இதே குழப்பம் எழுந்தது. குழுவின் பொறுப்பாளராகப் பெயர் குறிக்கப்பட்டவர்கூடப் பட்டியலைத் திருத்த இயலவில்லை. தம் குழுக்களைத் தாமே நிர்வகிக்கும் உரிமை பயனர்களுக்குத் தொடக்கத்தில் வழங்கப்படாதிருந்ததே காரணம். அவ்வுரிமையை முழுதும் அளித்தால், புதுக் குழுக்களை உண்டாக்கவும் இருப்பவற்றை அழிக்கவும் கூடும். ஆதலின் வேண்டிய அளவே பிரித்தளித்தல் நன்று. மேலும், நிறுவனத்தின் சொந்தக் கணினியில் உருவாகி இணையத்துக்கு நகலெடுக்கப்பட்ட குழுவை, நகலில் திருத்த முடியாது. மூலத்திலேயே திருத்த வேண்டும்.

ஆகவே அனுமதி மறுக்கப்பட்டால் வரிசையாகப் பார்க்க வேண்டியவை இவை. முதலாவது, எந்த முகவரியில் உட்புகுந்திருக்கிறோம்? வீட்டு முகவரி ஒன்று, சங்க முகவரி ஒன்று என இருப்போர் பெரும்பாலும் இங்கேயே தடுமாறுகின்றனர். இரண்டாவது, நம் நிலை என்ன? மூன்றாவது, செய்ய விரும்பும் அச்செயலுக்கு அந்நிலைக்கு அனுமதி உண்டா? நான்காவது, அழைப்பு அனுப்பிய குடும்பத்தார் அதை ஏற்றனரா? ஏற்கும்வரை அவர்கள் உறுப்பினர் ஆகார்.

அவசரத்தில் கடவுச்சொல்லைப் பிறர்க்குக் கொடுக்கும் வழக்கத்தை அன்பர்கள் கைவிட வேண்டுகிறோம். யார் எதைச் செய்தார் என்பது அப்போது தெரியாது போய்விடும். விலகியவர் கையிலும் சாவி தங்கிவிடும்.

இனி நம் குழுவுக்கு எப்போதும் இரண்டு உரிமையாளர்கள் இருப்பார்கள். பொறுப்பு மாறும் நாளன்றே, கூட்டம் கலையுமுன், புதியவர் ஒரு பெயரைச் சேர்த்தும் நீக்கியும் காட்ட வேண்டும் என்றும் முடிவு செய்துள்ளோம். சொந்த ஊரைவிட்டு வந்த நமக்கு, சுகதுக்கச் செய்தி உரிய வேளையில் சேர்வதே உறவு. புதிதாக வந்தும் சங்கக் கடிதம் கிடைக்கப்பெறாத குடும்பத்தார் தயங்காமல் நமக்குத் தெரிவிப்பார்களாக.